செயலாளர் அறிக்கை 2025: மூன்று புள்ளியும் ஒரு பன்னிரண்டு அடிக் குழாயும்

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், வராமல் வீட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் வாசிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கம். போன வருடம் நான் நாற்பது நிமிடம் வாசித்தேன் என்று ஒருவர் குறை சொல்லித் திரிந்தார். அவர் இருபதாவது நிமிடத்திலேயே எழும்பிப் போனவர். மிச்சம் இருபதை எந்த மணிக்கூட்டில் பார்த்தாரோ தெரியாது.

வழமையான விஷயங்களை முதலில் முடித்து விடுகிறேன். நிர்வாக சபை பன்னிரண்டு தடவை கூட்டப்பட்டு ஏழு தடவை கூடியது. தைப்பொங்கலுக்குச் சிறுவர் விளையாட்டு நடந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பதினான்கு பேர் தொண்டர்களாகப் போய்த் தண்ணீர்ப் பந்தலில் நின்றார்கள். இரண்டு சிரமதானம் நடந்தது. கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது, நடத்தப்படவில்லை.

இனி உதைபந்தாட்டம். கீழ்ப் பிரிவில் எட்டு அணிகளில் ஐந்தாவதாக வந்தோம். ஏழு ஆட்டம், மூன்று வெற்றி, ஒரு சமநிலை, மூன்று தோல்வி, பத்துப் புள்ளி. இரண்டாவதாக வந்து மேல் பிரிவுக்கு ஏறிய அணிக்குப் பதின்மூன்று. வித்தியாசம் மூன்றே மூன்று புள்ளி, அதாவது ஒரு ஆட்டம். கோல் வித்தியாசத்தைப் பற்றி இப்போது யாரும் கேட்க வேண்டாம். அந்த மூன்று வெற்றியில் ஒன்று எதிரணி வராததால் கிடைத்தது, அதைக் கணக்கில் சேர்க்க வெட்கமில்லையா என்று கேட்கிறார்கள். வெட்கமில்லை. 2019இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இலங்கை அணி மக்காவ் அணியிடம் முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மக்காவ் கொழும்புக்கு வர மாட்டோம் என்று நின்றுவிட்டது, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா 3-0 என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்தது, அடுத்த சுற்றுக்குப் போனோம். நாட்டுக்கே சரியென்றால் எங்கள் ஊருக்கும் சரிதான். வராதவன் தோற்றவன். இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு வேறு இடத்தில் தேவைப்படும்.

இப்போது கோல் கம்பம். இதில் என் பெயர் நிறைய அடிபட்டிருப்பதால் நேரம் எடுத்துத்தான் சொல்லப் போகிறேன்.

2010இல் மீளக் குடியேறி வந்தபோது மைதானத்தில் சிவப்புப் பலகை நட்டிருந்தது, கண்ணிவெடி எடுத்து முடிக்கும்வரை ஓரத்தில் நின்று பார்த்தோம். எடுத்து முடித்த கிழமையே பெடியள் நான்கு முதிரைக் கட்டைகளைக் கொண்டுவந்து நட்டு, மேலே கயிறு கட்டிப் பந்து உதைத்தார்கள். பிறகு அதற்கு மேல் சட்டம் ஏறியது. அன்றைக்கு அளவு நாடா யாரிடமும் இருக்கவில்லை. கோலின் அகலம் 24 அடி என்று ஒருவருக்குத் தெரியும். இன்னொருவர் செருப்போடு ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை வைத்து இருபத்திநான்கு எண்ணினார். அடி என்றால் காலடி. அவர் ஆளும் சின்னது, காலும் சின்னது.

அந்தக் கம்பத்துக்குள்தான் பதினைந்து வருடமாகப் பயிற்சி எடுத்தோம். கடந்த வருடம் யூன் மாதம் நான் நாடா பிடித்து அளந்தேன். 7.32 மீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 6.86. இரண்டு பக்கக் கோலும் ஒன்றரை அடி குறைவு. நான் பந்து உதைத்துப் பெயரெடுத்தவன் இல்லை, கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டினவன், ஆனால் வருடா வருடம் லீக் ஆட்டத்தில் எங்கள் கோல் காப்பாளர் வலது மூலைக்குப் பாய்ந்து ஒரு முழம் எட்டாமல் விழுவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிள்ளை சின்னக் கோலுக்குள் வளர்ந்த பிள்ளை. முன்வரிசைக்காரரும் அப்படித்தான், இல்லாத கம்பத்துக்குப் பயந்து நடுவுக்குள்ளேயே உதைத்துக் கோல் காப்பாளரின் கையில் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

ஆகவே இரும்புக் குழாயில் புதுக் கம்பம் போடுவதென்று நிர்வாக சபையில் கேட்டேன். அன்று வந்திருந்த ஐந்து பேரும் சம்மதித்தார்கள். ஐந்து பேர் காணாது என்று வராத ஒருவர் பிறகு சொன்னார்.

அடுத்தது குழாய்க் கணக்கு. "நான்கு குழாய் போதும், செயலாளர் ஏன் ஐந்து வாங்கினவர்?" என்ற கேள்வி தேநீர்க்கடையிலும் கேட்கப்பட்டது, சுவிஸிலிருந்தும் கேட்கப்பட்டது. தயவுசெய்து ஒரு தடவை கவனமாகக் கேளுங்கள். குழாய் இருபது அடி நீளத்தில்தான் வரும். நிற்கிற கம்பம் நிலத்துக்கு மேலே எட்டு அடி, சீமெந்துக்குள் இரண்டு அடி, ஆக ஒரு குழாயில் இரண்டு கம்பம். நான்கு கம்பத்துக்கு இரண்டு குழாய். மேல் சட்டம் 24 அடி. இருபது அடிக் குழாயோடு நான்கு அடித் துண்டை ஒட்ட வேண்டும். இரண்டு சட்டத்துக்கும் இரண்டு முழுக் குழாய், அதோடு எட்டு அடித் துண்டு. அந்த எட்டு அடிக்காகத்தான் ஐந்தாவது குழாய். கடையில் எட்டு அடி வெட்டித் தர மாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன். மிச்சம் பன்னிரண்டு அடி. அது என் வீட்டு மாட்டுக் கொட்டிலில் நிற்கிறது என்று பேசுகிறார்கள். நிற்பது உண்மை. மைதானத்தில் விட்டிருந்தால் அது இன்றைக்கு எந்தப் பழைய இரும்புக்காரரின் லொறியில் போயிருக்குமோ தெரியாது. பத்திரமாக நிற்கிறது, கூரைக்கு முட்டுக் கொடுத்தபடி நிற்கிறது, கேட்கிற நேரம் கழற்றித் தருவேன்.

கம்பம் யூலை நடுப்பகுதியில் நட்டோம். நட்டு முதல் ஞாயிறு பக்கத்து ஊரோடு சிநேகபூர்வ ஆட்டம், ஐந்து கோல் வாங்கினோம். உடனே "செயலாளர் கோலைப் பெரிதாக்கி எங்களைத் தோற்கடித்தவர்" என்று கதை. சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? கம்பத்துக்கு முன் லீக்கில் மூன்று ஆட்டம், ஒரு சமநிலை, இரண்டு தோல்வி. கம்பத்துக்குப் பின் நான்கு ஆட்டம், மூன்று வெற்றி. எதிரணி வராத ஆட்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு. கடைசி வெற்றியில் எங்கள் இடது விங்கர் உதைத்த பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டுப் போனது. பழைய பயிற்சியோடு இருந்திருந்தால் அவன் அந்த மூலையைப் பார்த்தே இருக்க மாட்டான்.

நான்காவது ஆட்டம் தோல்வி. அதைச் சொல்லாமல் விடலாம் என்று தலைவர் சொன்னார், நான் விட மாட்டேன். அன்று காலை மைதானத்துக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்க முடியாது என்பது விதி, ஆகவே ஒருவர் மிச்சத்தோடு தொடங்கினோம். அந்த எட்டுப் பேரும் வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடி நாலு கோல் வாங்கினார்கள், அவர்களை நான் இந்த இடத்தில் எழுந்து நின்று கும்பிடுகிறேன். மற்றவர்கள் எங்கே என்றால் ஒரு சாமத்திய வீட்டில். காய்ச்சல் என்று செய்தி அனுப்பிய மூன்று பேரை வீடியோவில் பார்த்தேன். ஒருவர் இரண்டாம் பந்தியிலும் இருக்கிறார். அந்த ஆட்டம் எங்களுக்கு வந்திருந்தால் பதின்மூன்று புள்ளி. வராதவன் தோற்றவன் என்று முன்னுக்குச் சொன்னேனே, எங்கள் விஷயத்தில் வந்தவனும் சேர்ந்து தோற்கிறான்.

சந்தா. மாதம் நூறு ரூபாய், வருடம் ஆயிரத்து இருநூறு. அங்கத்தவர் 61 பேர், முழுதும் கட்டியவர் 19, பாதி கட்டியவர் 14, மிச்சப் பேரை நீங்களே கழித்துப் பாருங்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டதால் வாசிக்கவில்லை, பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் வயல் போனவர்களிடம் நான் ஒரு சதமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். விதைத்த வயல் கண்ணுக்கு முன்னால் போகிறபோது நூறு ரூபாய்க் கொப்பியோடு படலையில் போய் நிற்க ஒருவனுக்கு மனம் வராது. நான் கேட்பது வயலே இல்லாதவர்களிடம்.

அந்த வெள்ளத்தில் பெடியள் செய்த வேலையை ஊர் அறியும். லாண்ட்மாஸ்டரில் வயதானவர்களை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள், சமைத்தார்கள், கிணறு இறைத்தார்கள். மைதானத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடக்குப் பக்கக் கோல் வாசலில் இப்போதும் ஒரு முழ ஆழத்தில் பள்ளம். கழக அறையின் கூரைத் தகரம் நான்கு போய்விட்டது. கம்பம் நான்கும் அசையவில்லை என்பதையும் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் விபரமாக வாசிப்பார். சுருக்கம் என்னவென்றால், உள்ளூரில் கொஞ்சம் வந்தது, வெளிநாட்டிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூட வந்தது, கம்பத்துக்கும் சீமெந்துக்கும் ஒட்டுவேலைக்கும் பெரும்பகுதி போனது, மிச்சம் பந்துக்கும் வண்டி எண்ணெய்க்கும் போனது. கையில் இருப்பது இரண்டு நல்ல பந்து வாங்கக் காணும், மூன்றாவதுக்குக் காணாது.

ஜேர்சி அனுப்பிய கனடா உறவுகளுக்கும், ஒட்டுவேலைக்குக் கூலி குறைத்த தம்பிக்கும், சுண்ணாம்புக் கோடு போட்ட மாமாவுக்கும், கோட்டை நக்காமல் விட்ட ஒரே நாளுக்காகக் கட்டாக்காலி மாடுகளுக்கும் நன்றி.

இனி வரும் பருவம். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த பிறகு லீக் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த முறை ஏறுவோம். வருடா வருடம் இதையே சொல்கிறேன் என்று சிரிப்பது கேட்கிறது, சிரியுங்கள். இந்த முறை காரணம் இருக்கிறது. பள்ளிக்கூட அணியில் விளையாடிய இரண்டு பேர் கழகத்துக்கு வருகிறார்கள், இருவரும் இடது கால்காரர். கட்டாரிலிருந்து திரும்பிய பின்வரிசைக்காரர் இனிப் போகவில்லை என்கிறார், மனைவியும் அப்படித்தான் சொல்கிறா. கோல் காப்பாளர் எட்டு மாதமாகச் சரியான அளவுக்குள் பாய்ந்து பழகியிருக்கிறார். 2023இல் பீபா இலங்கையைத் தடை செய்து நாட்டு அணி ஏழு மாதம் வெளியே ஆட முடியாமல் நின்றபோதுகூட எங்கள் மைதானத்தில் பின்னேரப் பந்து நிற்கவில்லை.

ரெக்ஸம் என்ற வேல்ஸ் அணியைப் பெடியள் கைபேசியில் காட்டினார்கள். பதினைந்து வருடம் ஐந்தாம் படியில் கிடந்த அணி, 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஏறி இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு ஹொலிவுட் நடிகர்கள் இரண்டு பேர் முதலாளிகள் என்று சொல்வீர்கள். எங்களுக்கு ஸ்காபரோவில் ஒரு பெரியப்பாவும் சூரிச்சில் இரண்டு மச்சான்மாரும் இருக்கிறார்கள், இந்த அறிக்கை அவர்களுக்கும் போகும். கம்பத்துக்கு வலை இன்னும் இல்லை என்பதை அவர்கள் பார்வைக்கு விடுகிறேன். நான் கேட்கவில்லை. வலையில்லாமல் விளையாடலாம், கோல் விழுந்தால் பந்து எடுக்கப் பற்றைக்குள் ஓட வேண்டும், பற்றைக்குள் பாம்பு, அவ்வளவுதான்.

செயலாளர் பதவிக்கு வேறு யாரும் விரும்பினால் இன்றே கொப்பியைக் கொடுக்கத் தயார். போன வருடமும் இதைச் சொன்னேன், எல்லோரும் நிலத்தைப் பார்த்தீர்கள்.

வெள்ளி பின்னேரம் நாலரைக்கு முதல் பயிற்சி. அதற்கு முன் மூன்று மணிக்கு வடக்குப் பக்கப் பள்ளத்தை நிரப்ப ஒரு பெட்டி கிரவல் வரும். வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வரவும். கழக அறைக் கூரைக்குத் தீராந்தி வேண்டும் என்று பொருளாளர் சொல்கிறார். ஆகவே அந்தப் பன்னிரண்டு அடிக் குழாயை நானே தோளில் தூக்கிக்கொண்டு வருவேன். மாட்டுக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுக்க யாரிடமாவது பழைய முதிரைக் கட்டை ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.