தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஏப்ரலில் மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜோர்டான் போகிறேன் என்றாய், ரொம்ப சந்தோஷம், நாங்கள் போய்வந்த இடத்துக்கே நீயும் போகிறாய் என்று கேட்டதும் அம்மா பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் "வழிகாட்டி எல்லாம் எதுக்குப்பா, கார் எடுத்துக்கறேன், மேப் இருக்கு, நாங்களே போய்க்கறோம்" என்றாயே, அதையே இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். போனில் பேசினால் பாதியிலேயே சரிப்பா, சரிப்பா என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் எடுத்துக்கொள், அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அம்மானிலிருந்து, பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பழைய நகரம் பெட்ராவுக்கு டெசர்ட் ஹைவேயில் மூன்று மணி நேரம், சாலை நன்றாக இருக்கிறது. பெட்ராவிலிருந்து வாடி ரம் பாலைவனத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் அகாபா கடற்கரை. இதற்கெல்லாம் யாரும் கூட வர வேண்டியதில்லை. தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து அந்தப் பக்கம்தான் என் கவலை.

அக்கா, மாப்பிள்ளை, பேத்தியோடு நாங்கள் போனது அக்டோபர் கடைசியில். மூன்றாம் நாள் டானா பக்கத்தில் வாடி குவேர் என்ற மலை இடுக்கில் நடப்பதாகத் திட்டம். வாடி என்றால் ஆற்றுப் படுகை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும், அல்லது கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும், இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. பேத்தி முதல் நாள் இரவே ஷூ, பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். காலையில் வழிகாட்டி வந்தார், போனில் யாரிடமோ கொஞ்ச நேரம் பேசினார், இன்று வாடிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பணம் கட்டியிருக்கிறோம், குழந்தை காத்திருக்கிறாள், வெயில் இப்படி அடிக்கிறது, என்ன காரணம் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. மேலே ஷோபக் மலைப்பக்கம் மழை வரும் என்கிறார்கள், அங்கே பெய்தால் தண்ணீர் இங்கேதான் வரும், நம் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்றார்.

அன்றைக்கு வெள்ளம் வரவில்லை கண்ணா. சாயங்காலம் நான் அதையும் அவரிடம் சொன்னேன். இதுவரை எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் வந்ததில்லை, இனியும் திரும்பத்தான் செய்வேன் என்றார். அப்புறம் 2018-ஐப் பற்றிச் சொன்னார். அந்த வருஷம் அக்டோபர் 25-ஆம் தேதி சாக்கடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்த இடத்தில் திடீர் வெள்ளம் வந்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வானிலை எச்சரிக்கை இருந்தும் போயிருக்கிறார்கள். அதற்காக இரண்டு மந்திரிகள் பதவி விலக வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வெள்ளம், பெட்ராவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை வெளியேற்றினார்கள். அவர் சொல்லி முடித்தபோது பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நாட்டில் மண் இறுகிக் கிடக்கிறது, பாறை மொட்டையாக இருக்கிறது, பெய்கிற மழையைக் குடிக்க எதுவும் இல்லை. அத்தனையும் ஒரே நேரத்தில் வாடிக்குள் இறங்கிவிடும். பாலைவனத்துக்குப் போகிறோம் என்றால் தாகத்தைப் பற்றித்தான் நமக்கு நினைப்பு, ஆளுக்கு எத்தனை பாட்டில் தண்ணீர் என்று கணக்குப் போடுகிறோம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள்.

பெட்ராவுக்குள் போகும்போது இதை நீயே பார்ப்பாய். சிக் என்கிற அந்தப் பாறை இடுக்கு 1.2 கிலோமீட்டர் நீளம், அது முடிகிற இடத்தில் பாறையில் செதுக்கிய கஸ்னே மாளிகையின் முகப்பு சட்டென்று கண்ணில் படும், எல்லாரும் அதைப் பார்க்கிற அவசரத்தில்தான் நடப்பார்கள். நீ சிக் தொடங்குகிற இடத்தில் நின்று வலது பக்கம் பார். அங்கே ஓர் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் இருக்கின்றன, சுரங்கம் ஏறக்குறைய 88 மீட்டர். பெட்ராவைக் கட்டிய நபத்தியர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தைத் திருப்பிவிடச் செய்த வேலை அது. காலப்போக்கில் அணை தூர்ந்துபோய், 1963-இல், நீ போகப்போகிற அதே ஏப்ரல் மாதத்தில், சிக்குக்குள் வெள்ளம் புகுந்து பிரான்ஸிலிருந்து வந்திருந்த யாத்திரிகர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்தில் புது அணை கட்டினார்கள். பெரியவனுக்கு அந்த இடத்தைக் காட்டு. சுவர் ஓரமாகக் குடிதண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்காலையும் காட்டு, அவனுக்கு இதெல்லாம் பிடிக்கும்.

ஆகவே தம்பி, உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாடிக்குள் இறங்குகிற நாளுக்கும் வாடி ரம்மில் இருக்கிற நாட்களுக்கும் அந்த மண்ணைத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள். அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகள் அழுதாலும் திரும்பிவிடு. வழிகாட்டியைத் தேடும்போது விலையைக் கேட்கும் முன்னால் மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். மழையெல்லாம் வராது சார் என்று சிரிக்கிற ஆள் நமக்கு வேண்டாம். பிள்ளைகளின் வயதைச் சொல்லிப் பார், எத்தனை வயது என்று திருப்பிக்கூடக் கேட்காமல் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறேன் என்பவரும் வேண்டாம். வாடி முஜிபில் தண்ணீருக்குள் நடந்து போகிற பாதைக்குப் பதினெட்டு வயது ஆகாதவர்களை விடவே மாட்டார்கள், அதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடு, அங்கே போய் ஏமாற வேண்டாம்.

வாடி ரம்மில் ரம் கிராமத்து பெதுவின் பழங்குடியினரே ஜீப்பில் கூட்டிப்போவார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் பெஞ்சு போட்டிருக்கும், சின்னவளை நடுவில் உட்கார வை. கஸாலி இடுக்கில் பாறையில் பழைய எழுத்துகளும் மனித உருவங்களும் கீறியிருக்கின்றன, உம் ஃப்ரூத் பாறைப் பாலத்தில் பெரியவன் கைப்பிடித்து ஏறிவிடுவான், புர்தா பாலம் மட்டும் இந்த முறை வேண்டாம், அது கயிறும் பழக்கமும் இருக்கிறவர்களுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. நாங்கள் ஐந்து இடம் போட்டிருந்தோம், பேத்திக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது மணலில் சறுக்கியதும், வண்டு நடந்த தடத்தை வழிகாட்டி காட்ட அவள் அதைப் பிடித்துக்கொண்டே போய் வண்டைக் கண்டுபிடித்ததும்தான். இரவுச் சாப்பாடு ஸர்ப். இறைச்சியையும் காய்களையும் அடுக்குத் தட்டில் வைத்துக் கனல் இருக்கிற குழிக்குள் இறக்கி, மேலே மண்ணை மூடி வேகவைப்பார்கள், மூடியைத் திறக்கிற நேரத்துக்குப் பிள்ளைகளைத் தவறாமல் கூட்டிப்போ. ராத்திரி குளிரும், ஸ்வெட்டரை மறந்துவிடாதே.

பணம்: நுழைவுக் கட்டணமும் விசாவும் சேர்ந்த ஜோர்டான் பாஸ் என்ற சீட்டை வாங்கிவிடு, நாங்கள் வாங்கியபோது பெட்ரா ஒரு நாளோடு 70 தினார். மூன்று இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணம் கிடையாது, அதிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சமாகிறதை வழிகாட்டிக்குக் கொடு. சாக்கடலில் சின்னவள் முகத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் அன்று அவளை இறக்கவே வேண்டாம், எரிச்சல் தாங்கமாட்டாள்.

இன்னொன்று. அங்கே ஒருவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் அவருடைய மூத்த மகனின் பெயருக்கு முன்னால் அபு சேர்த்துக் கூப்பிடுவார்கள், இன்னாருடைய அப்பா என்று. முதல் நாளே வழிகாட்டி என்னிடம் மகன் பெயரைக் கேட்டார். அப்புறம் நான் அவரோடு சண்டை போட்ட அந்தக் காலையில்கூட உன் பெயரைச் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார். நீ போனால் உன்னிடமும் கேட்பார்கள். பெரியவன் பெயரைச் சொல்லு. அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று போனில் எனக்குச் சொல்லு.

அப்பா