17 அங்குல வயோலா உனக்கு வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயில் வந்தது. வயலினுக்கு அக்கா போன்ற வயோலாவில், உடல் 17 அங்குல நீளமுள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அதன் அடித் தந்தியான சி தந்தியின் சத்தம் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருந்தாய். போனில் பேசும்போது இடது தோள் இறுகிப்போகிறது என்று சொன்னவளும் நீதான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் ஒன்று. உன் காது தப்பாகக் கேட்கவில்லை. பெரிய வயோலாவின் கீழ் ஸ்தாயிக்கு ஒரு தனி விரிவு உண்டு. வயலினின் உடல் நீளம் சுமார் 14 அங்குலம். வயோலாவை அதைவிட ஒரு ச-ப இடைவெளி கீழே சுருதி கூட்டுகிறோம். வயலின் தன் சுருதிக்கு எவ்வளவு பெரிதோ அதே விகிதத்தில் வயோலாவைச் செய்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 21 அங்குலம் வரும். அதைத் தாடைக்குக் கீழே வைத்து வாசிக்க யாராலும் முடியாது. நாம் வாசிக்கும் 15 முதல் 17 அங்குல வயோலாக்கள் எல்லாமே அவற்றின் சுருதிக்குச் சின்னவைதான்.

அதன் விளைவைத்தான் சி தந்தியில் கேட்கிறாய். வயலினின் உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய டி தந்தியின் சுருதியை ஒட்டி அதிர்கிறது, கீழ்ச் சுரங்களுக்கு அது தாங்கலாக நிற்கிறது. வயோலாவில் அந்தக் காற்றின் அதிர்வு 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வெறும் சி தந்தியோ 131 ஹெர்ட்ஸ். ஆக அடிச்சுரத்துக்கு, அதாவது அந்த 131க்கு, உடலின் உதவி குறைவு. அதன் மடங்குகளாக மேலே இருக்கும் துணைச்சுரங்களே தூக்கலாக ஒலிக்கின்றன, அடிச்சுரத்தைக் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. வயோலாவின் அந்தக் கம்மிய குரல் இதில் பிறப்பதுதான். எனக்கு வயோலா பிடித்துப்போனதே அந்தக் குரலுக்காகத்தான்.

பெரிதாகச் செய்து பார்க்காமல் இருந்தார்களா என்றால், நிறையவே செய்து பார்த்தார்கள். இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவாரி 1690இல் ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்குச் செய்த டெனர் வயோலா, அதாவது பெரிய வகை வயோலா, கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர், சுமார் 19 அங்குலம். இன்றுவரை வெட்டப்படாமல் ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய வயோலாக்கள் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. கைக்கு அடங்க வேண்டும் என்று பின்னாளில் அவற்றின் விளிம்பை அறுத்துச் சின்னதாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வயோலா வித்வான் ஹெர்மன் ரிட்டர் மறுபடியும் அதே அளவில் 'வயோலா ஆல்ட்டா' என்று கொண்டுவந்தார், இசையமைப்பாளர் வாக்னர் அதை மிகவும் விரும்பினார். அதுவும் நிலைக்கவில்லை. ஆங்கிலேய வயோலா வித்வான் லயனல் டெர்ட்டிஸ் வாசித்த, மான்டஞ்யானா என்ற இத்தாலியர் செய்த வயோலா 17 அங்குலத்தைத் தாண்டியது. ஆனால் மற்றவர்களுக்காகத் தன் மாடலை வகுத்தபோது அவரே 16¾ அங்குலத்தில் நிறுத்திக்கொண்டார். அமெரிக்காவில் வயலின் செய்த கார்லீன் ஹட்சின்ஸ் 20 அங்குலத்தில் செய்ததைச் செல்லோ போல நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும்.

சரி, உன் கைக்கு வருவோம். வயோலாவின் உடல் நீளும்போது அதன் கழுத்து முனையிலுள்ள சுருள், அந்த ஸ்க்ரோல், தள்ளிப்போகிறது, அதன் பாரமும் தோளிலிருந்து தூரத்துக்குப் போகிறது. முழங்கை விரிந்துவிடும். விரிந்த முழங்கையோடு உள்ளங்கையைத் தந்திகளின் பக்கம் திருப்பிப் பிடிக்கும்போது முன்கைத் தசை ஓய்வே இல்லாமல் வேலை செய்யும். ஐந்து நிமிடம் வாசித்தால் எதுவும் தெரியாது. மூன்று மணி நேர ஒத்திகையில், அதுவும் பாதி நேரம் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தெரியும். வலது கையையும் மறக்காதே. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தள்ளிப்போவதால் வில்லின் நுனிக்குப் போகும்போது கை இன்னும் நீள வேண்டும், இல்லாவிட்டால் வில் கோணிக்கொள்ளும். கோணிய வில்லில் எவ்வளவு பெரிய வயோலாவும் நன்றாகப் பேசாது.

அப்புறம், உடலின் நீளத்தை மட்டும் கேட்காதே. கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி எவ்வளவு என்று அளந்து பார். விரல் விரிவதும் விரியாததும் அந்த நீளத்தில்தான். ஒரே 16 அங்குலம் என்று சொல்லும் இரண்டு வயோலாக்களில்கூட இது ஒரு சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம். மேல்பாகத்தின் அகலத்தையும் பார். அங்கே அகலமாக இருந்தால் மேல் சுரங்களுக்காக உயர்ந்த பொசிஷனுக்குக் கை போகும்போது கட்டைவிரல் சுற்றி வர இடமில்லாமல் மணிக்கட்டு மடங்கும். வயோலாவின் மேல்தோள் சாய்ந்து, கீழ்பாகம் அகலமாக, பக்கப்பலகை கொஞ்சம் உயரமாகச் செய்த 16 அங்குலம் உள்ளே நிறையக் காற்றைப் பிடிக்கும், கையையும் வதைக்காது. பக்கப்பலகை மிகவும் உயர்ந்தால் சத்தம் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும், அதை மட்டும் கவனி.

சின்ன வயோலாவில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தந்தி குட்டையானால் அதே சுருதிக்கு ஒன்று அது கனமாக வேண்டும், இல்லை இழுவிசை குறைய வேண்டும். கனமான சி தந்தி வில் பட்டதும் பேசாமல் கொஞ்சம் தாமதிக்கும். இழுவிசை குறைந்தால் தளர்ந்து அலையும். நல்ல தந்தியும் உள்ளே மேல்பலகைக்கும் கீழ்பலகைக்கும் நடுவே சரியான இடத்தில் நிற்கும் சின்னக் குச்சியான சவுண்ட் போஸ்டும் இதைப் பெரிதும் சரிசெய்துவிடும். உன் முன்கை நரம்பு பழுதானால் அதைச் சரிசெய்வது அவ்வளவு சுலபமில்லை.

பார்க்கப் போகும்போது 16 அங்குலத்தை ஒட்டி இரண்டு மூன்றையும் கேட்டு வாங்கி வை. சி தந்தியில் முதல் விரலால் டி சுரம், அடுத்துள்ள ஜி தந்தியில் நாலாவது விரலால் மேல் டி சுரம், இரண்டையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக வில் இழு. சின்ன விரல் வளைந்தே நிற்கிறதா, விறைத்து நீள்கிறதா என்று பார். அந்த விரலால் கமகம் கொடுத்துப் பார். பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் வாசி, இடையில் தோளை உதறக்கூடாது. கடைசியாக வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, அறையின் மறுகோடியில் நின்று கேள். காதுக்கு அடியில் முழங்குவது எல்லாம் அங்கே வந்து சேராது. சின்னதாகத் தோன்றியது தெளிவாக வந்து நிற்பதும் உண்டு.

எந்த வயோலா என்று முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொன்றின் தந்தி நீளத்தையும் எனக்கு எழுது. கூடவே, அரை மணி நேரத்துக்குப் பிறகு தோள் எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுது. பணம் கொடுப்பது அப்புறம் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா