வெர்டியின் ரெக்குயமைப் பாடத் தயங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் அந்தியேட்டி முடிந்த கையோடு நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். நம் பாடகர் குழு இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும், இறந்தோர் திருப்பலிக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி எழுதிய ரெக்குயமில், துக்கம் ஆறாத நிலையில் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் வரிசையில் நிற்கலாமா, நடுவில் அழுகை வந்தால் என்ன செய்வது என்பது ஒன்று. ஆட்டைத் திவசம் கழியாத வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவர்களின் இறந்தோர் திருப்பலியைப் பாடுவது முறையா என்று பெரியப்பா கேட்டாராம், அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது மற்றொன்று. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே தயக்கத்தோடு வேறு பாடகர்களும் இருப்பார்கள் என்பதால், உங்கள் சம்மதத்தோடு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆறுதல் தேடி இந்த இசையிடம் வருவதாக இருந்தால் நீங்கள் வேறு இடத்துக்குப் போவது நல்லது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1865-இல் தன் தாயை இழந்தவர். அதன் பின் சில ஆண்டுகளில் அவர் எழுதி முடித்த ஜெர்மன் ரெக்குயம், துயருறுவோர் பேறுபெற்றோர் என்ற வசனத்தோடு தொடங்குகிறது. தாய் தன் பிள்ளையைத் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்ற இறைவாக்கு அதன் ஐந்தாம் பகுதியில் வருகிறது. உங்கள் வீட்டில் இந்த நாட்களில் ஒலிக்க வேண்டிய இசை அதுதான் என்றால் நான் மறுக்க மாட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயோ தீர்ப்பு நாளைப் பற்றிய நீண்ட அச்சப் பாடலையே தம் ரெக்குயமிலிருந்து விட்டுவிட்டார். வெர்டி அந்தப் பாடலில் எதையும் விடவில்லை, எதையும் மென்மையாக்கவும் இல்லை. சாவு அச்சம் தருவது என்பதை அவர் ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறார். அந்த அச்சத்தைத் தனியாளாகச் சுமக்க வேண்டியதில்லை, ஒரு கூட்டமாக நின்று வாய்விட்டுச் சொல்லலாம் என்கிற இடம் வரைக்கும் நம்மைக் கொண்டுவந்து விடுகிறார். அதற்கு மேல் அவர் எந்த உறுதியும் தருவதில்லை. அதனால்தான் இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன்.

இந்த இசை பிறந்த விதமும் அப்படிப்பட்டதுதான். 1868 நவம்பர் 13 அன்று மூத்த இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி இறந்தபோது, இத்தாலிய இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதி அவருக்காக ஒரு ரெக்குயம் படைக்க வேண்டும் என்று வெர்டி முன்மொழிந்தார். பதின்மூன்று பேர் எழுதினார்கள். வெர்டி எழுதியது கடைசிப் பகுதியான 'லிபெரா மே', அதாவது முடிவில்லாத சாவிலிருந்து என்னை விடுவித்தருளும் என்ற மன்றாட்டு. முதலாம் நினைவு நாளில் பொலோஞ்ஞா நகரில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, ஏற்பாடுகளில் எழுந்த பிணக்குகளால் நின்றுபோனது. அந்தக் கூட்டுப் படைப்பு 1988 வரை மேடையேறவே இல்லை. பிறகு 1873 மே 22 அன்று, வெர்டி வாழ்நாள் முழுக்கப் போற்றிய எழுத்தாளர் மான்சோனி மறைந்தார். மிலானில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு வெர்டி போகவில்லை. கூட்டமெல்லாம் கலைந்து சில நாட்கள் சென்றபின் தனியாகக் கல்லறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு அதே மே 22 அன்று, மிலானின் சான் மார்கோ தேவாலயத்தில், அவரே முன்னின்று நடத்த, அவருடைய முழு ரெக்குயம் முதன்முதலாக ஒலித்தது. ரோசினிக்காக எழுதிய 'லிபெரா மே'யைத்தான் திருத்தி அதன் இறுதிப் பகுதியாக வைத்தார். ஆக, இந்தப் படைப்பில் முதலில் எழுதப்பட்டது அதன் முடிவு. என்னை விடுவியும் என்ற அந்தக் கெஞ்சலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதை நோக்கி நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய மனைவியே ஒரு கடிதத்தில், அவரைப் பெரிய நம்பிக்கையாளர் என்று சொல்ல முடியாது என்று எழுதியவர். இது பெரியப்பாவுக்கும் ஓரளவு பதிலாகும், ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன்.

கேட்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நான் பாடுவதற்கு முன் பல முறை கேட்டவள். தொடக்கத்தில், வயலின் இனத்தில் பெரியவையான செலோக்கள் ஒலி அடக்கப்பட்டு மெல்லக் கீழ்ச்சுரங்களுக்கு இறங்குகின்றன. அதன் பிறகு குழு 'ரெக்குயம்' என்ற ஒரே சொல்லை, பாட்டா பேச்சா என்று தெரியாத அளவு தாழ்ந்த குரலில் சொல்கிறது. எவ்வளவு சன்னமாக முடியுமோ அவ்வளவு சன்னமாக என்பது வெர்டியின் குறிப்பு. அரங்கில் இருமல் அடங்கும். மக்கள் தங்களை அறியாமலே முன்னால் சாய்வார்கள். கத்தோலிக்கத் தமிழர்கள் கல்லறைத் திருநாளில் கல்லறையருகே நின்று சொல்கிற, நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே என்ற அதே செபம்தான் அந்த வரி. அப்படி எல்லோரையும் அருகில் அழைத்து உட்கார வைத்துவிட்டு, சற்று நேரத்தில் 'தியெஸ் இரே', அந்தச் சினத்தின் நாள், வந்து விழுகிறது.

அதில் வரும் பெருமுரசைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வாத்தியக் குழு முழுவதும் இடிபோல் இறங்கும்போது, பெருமுரசு தாளத்தோடு சேராமல் எதிர் அடியில் தனியாக விழுகிறது. அந்த அடி வறட்சியாகவும் மிக உரக்கவும் கேட்க வேண்டும், அதற்காக முரசின் கயிறுகளை நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும் என்று வெர்டி பிரதியிலேயே எழுதியிருக்கிறார். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழுந்தால் உடம்பு அதற்குத் தயாராக இருக்கும். இங்கே அடி, நாம் ஆயத்தமில்லாத கணத்தில் நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. பழக்கத்தால் இது மழுங்குவதே இல்லை. இதைவிடக் கொடியது, அது திரும்பி வருவது. மெஸ்ஸோ-சொப்ரானோ என்ற நடுத்தரப் பெண்குரல் தீர்ப்புப் புத்தகத்தைப் பற்றிப் பாடி முடித்ததும் வருகிறது. பேஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலின் மன்றாட்டு முடிந்ததும் வருகிறது. எல்லாம் கடந்துவிட்டது என்று நம்பியிருக்கும் கடைசிப் பகுதியில் மறுபடியும் வருகிறது. அம்மாவின் மருந்துப் பெட்டியைக் கண்டு சமையலறையில் அப்படியே நின்றுவிட்டதாகச் சொன்னீர்களே, தம்பி, துக்கத்தின் வரவும் போக்கும் இப்படித்தான் என்று வெர்டிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தம் முதல் மனைவியையும் இரண்டு பச்சைக் குழந்தைகளையும் இளவயதிலேயே பறிகொடுத்தவர்.

இந்த ரெக்குயமைத் திருச்சபை உடையணிந்த ஓபெரா, அதாவது இசை நாடகம், என்று ஜெர்மன் நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பூலோ எழுதினார். பிராம்ஸ் அந்தப் பிரதியைப் படித்துவிட்டு, பூலோ தன்னை முட்டாளாக்கிக்கொண்டார், இது ஒரு மேதையால் மட்டுமே ஆகக்கூடியது என்றார். நான் பிராம்ஸின் பக்கம். 'லக்ரிமோசா' என்ற கண்ணீர்ப் பகுதியின் மெட்டு, 'டான் கார்லோஸ்' ஓபெராவிலிருந்து 1867-இல் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு புலம்பலிலிருந்து வந்தது. கதையில் ஒரு மன்னன் சடலத்தின் முன் நின்று புலம்பும் இடம் அது. மனிதன் பிணத்தின் முன் எழுப்பும் குரலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்ததில் என்ன குறை? வானதூதர்களுக்குச் சாவு இல்லை, அவர்களுடைய பாட்டு நமக்கு எதற்கு? அந்தப் பகுதியின் இறுதியில், எல்லாக் குரல்களும் அழுது ஓய்ந்தபின், 'ஆமென்' என்ற சொல் சற்றும் எதிர்பாராத, பிரகாசமான ஒரு மேஜர் சுரக்கூட்டில் விழும். ஒரே ஒரு கணம்தான், உடனே இசை தன் சொந்தச் சுருதிக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு கணத்தில் அரங்கில் கைக்குட்டைகள் வெளியே வருவதை மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி மேடையில் நிற்பவரைப் பற்றி. பாடுபவர் அழக் கூடாது என்பது கல்நெஞ்சக்காரர் வகுத்த விதி அன்று, தொண்டையின் அமைப்பு அப்படி. அழுகை முட்டும்போது தொண்டை இறுகுகிறது, மூச்சு துண்டுதுண்டாகிறது, சுருதி போய்விடுகிறது. ஆகவே அழவேண்டிய அழுகையை ஒத்திகைக்காலத்தில் அழுதுவிட வேண்டும். வீட்டில் சொற்களைப் படித்து அழுங்கள், பதிவைக் கேட்டு அழுங்கள். எந்தெந்த இடத்தில் உடைகிறீர்கள் என்பதைப் பென்சிலால் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியன்று அந்த இடங்களில் உங்கள் கண் நடத்துநரின் கையில் இருக்கட்டும், மனம் எண்ணிக்கையில் இருக்கட்டும். உணர்ச்சி குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எண்ணிக்கொண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டும் நாம் செய்யும் கடின வேலைதான் கேட்பவரிடம் துக்கமாகப் போய்ச் சேர்கிறது. நாம் உருகிவிட்டால் அவர்களுக்கு உருக இடமிருக்காது.

உங்களுக்கு ஆபத்தான இடம் எது என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். 'லிபெரா மே'யின் நடுவில், முரசின் கோபம் அடங்கியதும், வாத்தியங்கள் அத்தனையும் விலகிக்கொள்ள, சொப்ரானோ என்ற உயர்ந்த பெண்குரல் தனியாகவும் அதோடு குழுவும் மட்டும் நித்திய இளைப்பாற்றி வரியை மீண்டும் பாடுகிறோம். தொடக்கத்தில் தந்தி வாத்தியங்களிடம் இருந்த இசை இப்போது நம் தொண்டைகளிடம் வந்துவிடும், கீழே தாங்க ஒரு வயலின்கூட இருக்காது. அங்கே நாம் முறைவைத்து மூச்சு எடுக்கிறோம்: பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் வாங்கக் கூடாது, நீங்கள் வாங்கும்போது அவர் பிடித்திருக்க வேண்டும், வரி எங்கும் அறுபடக் கூடாது. ஒவ்வொருவரும் இடையில் நிறுத்துகிறோம், ஆனால் பாட்டு நிற்பதில்லை. உங்கள் வரிசையில் முன்பு ஒருவர், மனைவியைப் புதைத்த சில வாரங்களில் வந்து பாடினார். அந்த இடத்தில் அவர் வாய் மூடி நின்றதை, அவருக்கு நேர் முன்னால் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் வரிசையில் நின்ற நான், குரல் குறைந்ததை வைத்து அறிந்தேன். அரங்கில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவருடைய சுரத்தை அவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வரும் ஃபியூக்கில், அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் பகுதியில், அவர் சேர்ந்துகொண்டார், நன்றாகவே பாடினார்.

பெரியப்பாவிடம் தெரெசீன் கதையைச் சொல்லுங்கள். செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த அந்த முகாமில் ரஃபாயெல் ஷெக்டர் என்ற இளம் நடத்துநர் ஒரு பாடகர் குழுவைக் கூட்டி, இதே ரெக்குயமை எடுத்தார். ஒரு நிலவறையில், ஒரு பியானோவோடும் ஒரே ஒரு இசைப்பிரதியோடும், வேலையில் களைத்து வந்த கைதிகளுக்கு லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்வித்தார். யூதர்கள் கத்தோலிக்கத் திருப்பலியைப் பாடுவதா என்று முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது, பெரியவர்களே எதிர்த்தார்கள். ஷெக்டர் விடவில்லை. எந்தக் குற்றமும் தண்டனை பெறாமல் போகாது என்ற வரி அந்தப் பாடலில் இருக்கிறது. அதைத் தங்களை அடைத்து வைத்தவர்களின் முகத்துக்கு நேரே பாடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1943-க்கும் 1944-க்கும் இடையில் பதினாறு முறை அளவில் பாடினார்கள். இடையிடையே ரயில்கள் வந்து பாடகர்களைக் கிழக்கே கொண்டுபோயின. அவர் புதியவர்களைச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவரும் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார், போர் முடிவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. பாடும் நேரத்தில் பசி மறந்தது என்று உயிர் பிழைத்த பாடகர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துன்பத்தோடு நம் துக்கத்தை நிறுத்துப் பார்ப்பது தகாது, அதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மதத்தின் சொற்களை அந்த மதத்தில் இல்லாதவர்கள் தங்கள் இறந்தோருக்காக முழு உரிமையோடு பாடியிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அம்மாவுக்கான தேவாரம் வீட்டில் நடக்கட்டும், திவசம் முறைப்படி நடக்கட்டும். இது அதற்குப் போட்டி அன்று.

இறுதியாக, 'லிபெரா மே' எப்படி முடிகிறது என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஃபியூக் உச்சத்துக்கு ஏறி உடைந்தபின், சொப்ரானோ ஒரே சுரத்தில், பாடாமல் ஏறக்குறைய முணுமுணுத்து, என்னை விடுவியும் என்கிறார். நாமும் அதையே மிகத் தாழ்ந்த குரலில் சொல்கிறோம். அவ்வளவுதான். விடுதலை கிடைத்ததா என்பதற்கு இசையில் பதில் இல்லை. சிலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அது வெர்டியின் நேர்மையாகத்தான் படுகிறது.

ஆகவே வாருங்கள். பாட முடியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள், முடியும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வரும் செவ்வாய்க்கிழமை ஒத்திகையை 'சாங்க்துஸ்', அதாவது தூயவர், என்ற பகுதியோடு தொடங்குகிறோம். அது இரட்டைக் குழுவுக்கான ஃபியூக், வேகமானது, மனம் தடுமாற நேரமே தராது. உங்களை இரண்டாம் குழுவில் போட்டிருக்கிறார்கள். முதல் குழுவின் டெனர் வரியைப் படித்துவிட்டு வந்து நிற்காதீர்கள், இரண்டும் வேறு வேறு.

அன்புடன்,
அக்கா