வாழைக்கு ஏன் மார்க் போடவில்லை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எல்லாப் படத்துக்கும் மார்க் சொல்லுத, வாழைக்கு மட்டும் ஏம்மா சொல்ல மாட்டேங்க?" என்று கேட்டாய். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் கலங்கிப் போவாய். அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். அடுத்த வீட்டுத் தம்பியிடம் சொல்லிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

முதலில் மற்ற படங்களைச் சொல்லிவிடுகிறேன். "வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதிலும் துவைக்க, சமைக்க, தூங்க என்று போனது போக மிஞ்சுகிறது இரண்டு மூன்று மணி நேரம்தான், அதனால் நீ பார்த்து மார்க் சொல்கிற படத்தைத்தான் பார்ப்பேன்" என்றாய். அந்த வார்த்தைக்காகவே நான் ஒவ்வொரு படத்தையும் கவனமாகப் பார்க்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் டி.வி. முன்னால் உட்காருவேன்.

லப்பர் பந்துக்குப் பத்துக்கு ஒன்பது. உங்கப்பாவைக் கேட்டால் பத்தையும் தாண்டிப் போடுவார். கெத்து தினேஷ் மட்டையோடு இறங்கும்போது பொன்மனச் செல்வன் படத்துப் பாட்டு வருகிறது பார், "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்", அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 1989-இல் வந்த பாட்டு. அப்போது அவருக்கு மீசை அரும்பிய வயசு, விஜயகாந்த் படம் ஒன்றையும் விட்டதில்லை. 2023 டிசம்பரில் விஜயகாந்த் இறந்த செய்தி வந்த அன்றைக்கு அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு இந்தப் படத்தில் ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள், ஆர்ப்பாட்டம் இல்லாமல், பாட்டாகவே.

எனக்குப் பிடித்தது கிரிக்கெட் இல்லை. யசோதையாக வருகிற ஸ்வாசிகாதான். வேலை வெட்டியைப் போட்டுவிட்டுப் புருஷன் மைதானமே கதியென்று கிடக்கிறான் என்றதும், அவள் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து அந்த மைதானத்தையே உழுது போடுகிறாள். அத்தனை கோபத்திலும் அவன் மேல் உள்ள பிரியம் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை. அது எல்லோருக்கும் வராது. அப்புறம், மாமியாராக வருகிற கீதா கைலாசமும் அவளும் சேர்ந்து வரும் இடங்கள். மாமியார் மருமகள் என்றால் சண்டையாகவே பார்த்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். நன்றாக ஆடுகிற பையனைச் சாதியைப் பார்த்து ஒதுக்குவதையும் படம் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே பார்க்கிற படத்துக்குள் அதையும் வைத்தார் பார், தமிழரசன் பச்சமுத்து என்கிற அந்த இயக்குநர், அதற்குத்தான் ஒன்பது.

மகாராஜாவுக்கு ஆறு. கதையைக் கோர்த்த விதம் கெட்டிக்காரத்தனம். விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனுஷன் திரும்பத் திரும்ப வந்து நிற்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று கடைசியில்தான் தெரிகிறது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு நடந்ததை வைத்து முடிச்சு போட்டு, அதை அவிழ்த்துக் காட்டி நம்மைத் திடுக்கிட வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீ நைட் டூட்டி முடித்து வந்து தனியாக இருக்கும்போது பார்க்க வேண்டாம்.

டூரிஸ்ட் ஃபேமிலிக்கு எட்டு. அபிஷன் ஜீவிந்த் என்கிற சின்னப் பையன் எடுத்த முதல் படம். இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கி, சென்னையில் ஒரு தெருவில் பேச்சு வழக்கைக்கூட மறைத்துக்கொண்டு வாழ வேண்டிய குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பெண்டாட்டியாகவே இருக்கிறார்கள். ஒரு வயசான அம்மா இறந்துபோன வீட்டில் இவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி நின்று எல்லாம் செய்கிறபோது, உனக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்களே அந்தக் கேரளத்துச் சேச்சி, அவரை நினைத்துக்கொண்டேன். எல்லோருமே கொஞ்சம் அதிகமாக நல்லவர்களாக இருக்கிறார்கள், அதற்காகத்தான் இரண்டைக் குறைத்தேன்.

மெய்யழகனுக்கும் எட்டுதான், ஆனால் அந்த எட்டைப் போட நான் இரண்டு நாள் யோசித்தேன். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்புகிற பையன், இருபத்திரண்டு வருஷம் கழித்து நீடாமங்கலத்துக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறான். ஓயாமல் பேசிக்கொண்டு, பாசமாகக் கவனித்துக்கொண்டு ஒருத்தன் கூடவே இருக்கிறான். அவன் பெயர் மட்டும் இவனுக்கு ஞாபகம் வரவில்லை. மேடையில் தங்கச்சிக்கு நகையைப் போட்டுவிடும்போது அர்விந்த் சுவாமி முகத்தைப் பார். இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுவதை வைத்து ஒரு படமா என்று கேட்டவர்கள் உண்டு. வெளியான பிறகு பதினெட்டு நிமிஷத்தை வெட்டியும் விட்டார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் படம்.

அப்படியானால் ஏன் பத்து இல்லை என்பாய். அந்தப் பையன் அழுதது ஒரு வீட்டுக்காக. பெரிய வீடு, முற்றம், ஊஞ்சல். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இழப்பதற்கு அப்படி ஒரு வீடே இல்லாதவர்களின் ஊர் ஞாபகம் வேறு மாதிரி இருக்கும் அம்மா. அந்தப் படத்தை ரசித்துக்கொண்டே நான் கொஞ்சம் வெளியே நின்றேன். அது இயக்குநர் பிரேம்குமாரின் குறை இல்லை. என் பிறப்பு அப்படி.

சரி, இப்போது வாழைக்கு வருகிறேன்.

கொட்டுக்காளியும் வாழையும் ஒரே நாளில் வந்தவை, 2024 ஆகஸ்ட் 23. நாங்களும் அடுத்தடுத்த நாளில் வீட்டில் பார்த்தோம். கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, பேசாத ஒரு பெண்ணை ஆட்டோவில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள், அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதாம். வழியை மறித்து ஒரு மாடு நிற்கிறது, மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஒரு இடத்துக்கே எட்டரை கொடுத்தேன். முடிவு இல்லாமல் முடிந்துவிட்டது என்று அப்பாவுக்குக் கோபம். நான் அந்த முடிவைப் பற்றி நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் வாழையைப் போட்டோம். படத்தை எடுத்த மாரி செல்வராஜ் நம் மாவட்டத்துக்காரர், புளியங்குளம். நம் பக்கத்துத் தோட்டம், நம் பக்கத்து வாய்க்கால், நம் பக்கத்துப் பேச்சு. படம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் அந்தப் பையன் சிவனணைந்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறான். பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் அவனுக்குச் சந்தோஷம். லீவு நாள் வருகிறது என்றால் பயம், தார் சுமக்கப் போக வேண்டுமே. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

உனக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. உன் வயசில் பாதி இருக்கும்போது, ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரைக்கும், நானும் தார் சுமந்தேன். ஆச்சி முன்னால் போவாள், நான் பின்னால். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற வயல் என்பதால் உள்ளே லாரி வராது. வெட்டிய தாரை வரப்பில் நடந்து ரோடு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சருகைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, இரண்டு பேர் தூக்கித் தலையில் வைத்துவிடுவார்கள். ஏத்தன், அதான் நேந்திரன், அந்தத் தார் என்றால் ஏற்றும்போதே முழங்கால் மடங்கும். வரப்பு சேறு, விரல் ஊன்றித்தான் நடக்க வேண்டும். கீழே போட்டால் காய் அடிபடும், கூலியில் பிடிப்பார்கள். ராத்திரி படுத்தால் கழுத்தை இந்தப் பக்கமும் திருப்ப முடியாது, அந்தப் பக்கமும் திருப்ப முடியாது. படத்தில் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கு எத்தனை பேச்சு, எத்தனை மிரட்டல் என்று காட்டுகிறார்கள். ஒரு ரூபாய்க்கா என்று உன் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அந்த ஒரு ரூபாயின் கனம் தலையில் தார் ஏறினவளுக்குத் தெரியும்.

கனத்தையும்விடக் கறைதான் எனக்கு மறக்கவில்லை. வெட்டின தாரின் காம்பிலிருந்து பால் சொட்டும். சொட்டும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தோளிலும் மார்பிலும் விழுந்து காய்ந்த பிறகு காவி ஏறும், சோப்புப் போட்டால் இன்னும் கறுக்கும். மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தோம், எலுமிச்சங்காய் வைத்துத் தேய்த்தோம், போகவே போகாது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு சனிக்கிழமை மாற்றுச் சட்டை காயாததால் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். திங்கட்கிழமை இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறையோடு பிரேயரில் நின்றேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள்தான் அது என்ன கறை என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும் வரைக்கும் தாவணியை அந்தத் தோள் தெரியாமல் இழுத்து இழுத்துப் போட்டேன்.

இப்போது உனக்கு ஞாபகம் வருகிறதா? நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கிணற்றடி வாழை மரத்தடியில் விளையாடி, புதுச் சட்டையில் கறையோடு வந்தாய். பசிக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நான் கரண்டிக் காம்பால் உன் காலில் அடித்தேன். இரண்டு அடி. எதற்கு அடித்தேன் என்று உனக்குத் தெரியாது, "சட்டைக்கா அடிச்ச?" என்று அழுதுகொண்டே கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நீ சாப்பிடாமல் தூங்கிவிட்டாய்.

படத்தின் கடைசியில் ஓர் இடம் வருகிறது. வாழைத்தார் ஏற்றின லாரி கவிழ்ந்து, அதில் வந்தவர்கள் இறந்துபோக, ஊரே அழுதுகொண்டிருக்கிறது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத அந்தப் பையன், பசி தாங்காமல் வீட்டுக்குள் போய்ச் சோற்றில் கை வைக்கிறான். தாய் பார்த்துவிடுகிறாள். இழவு விழுந்த வீட்டில் இவனுக்குச் சோறா என்று அடிக்கிறாள், அவன் ஓடுகிறான். பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது, பிள்ளையை ஒரு வாய் தின்ன விடவில்லையே என்று. அவள் அரற்றுவதை என்னால் கேட்க முடியவில்லை. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அப்பா கூப்பிட்டார், வரவில்லை. அண்டா மூடியைக் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா கடைக்குப் போன பிறகு, அந்த இடத்திலிருந்து நான் மட்டும் உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்தேன். பூங்கொடி டீச்சராக வருகிற நிகிலா விமலையும், அந்த இரண்டு பையன்களும் ரஜினியா கமலா என்று போடுகிற சண்டையையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சிரிக்கிற இடமெல்லாம் நிறைய இருக்கிறது. தேனி ஈஸ்வர் கேமராவில் நம் வயல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது தெரியுமா? நான் சுமந்த காலத்தில் அந்தப் பச்சையை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கண் எப்போதும் வரப்பிலேயே இருக்கும்.

இதற்கு என்ன மார்க் போடச் சொல்கிறாய்? ஒன்பது போட்டால் எதற்கு ஒன்றைக் குறைத்தாய் என்று என் கழுத்தே என்னைக் கேட்கும். பத்து என்று சொல்லிவிட்டால் மெய்யழகனோடும் லப்பர் பந்தோடும் வரிசையில் நிறுத்தினது மாதிரி ஆகிவிடும். அதனால் நோட்டில் அந்தப் படத்தின் பெயருக்கு நேராக இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். நீ பார்த்துவிட்டு, நீயே ஒரு எண் எழுதச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்.

அந்த இரண்டு அடிக்கு நான் உன்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பு என்னுடையது அம்மா. நீ செய்த குற்றம் ஒன்றுமில்லை.

படத்தை லீவு நாளில் பார். டூட்டி முடிந்து வந்த களைப்பில், வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போடாதே. குக்கரில் கொஞ்சம் சோறு வை, நான் கொடுத்துவிட்ட பருப்புப் பொடி இன்னும் இருக்கும், நெய் ஊற்றிப் பிசைந்து வயிறு நிறையச் சாப்பிடு. சாப்பிட்டு முடித்த பிறகு படத்தைப் போடு.

அன்புடன்,
அம்மா