சிங்காநல்லூர் குளத்துக் கரையில ஒரு வருஷம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, ஞாயித்துக்கெழமை காலைல தூக்கத்த விட்டுட்டு கரைக்கு வர்ற நம்ம இயற்கைச் சங்க உறுப்பினர்கள், குட்டீஸ் எல்லாத்துக்கும் வணக்கமுங்க. கூட்டம் எத்தன தடவ போட்டோம், என்ன தீர்மானம்னு எல்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்குது, வேணுங்கறவங்க பாத்துக்கலாம், நான் நம்ம கோயமுத்தூர் சிங்காநல்லூர் குளத்தப் பத்தியே பேசிடறேனுங்க.

மொதல்ல மனசுக்குக் கஷ்டமானதச் சொல்லிடறேன். மழ ஆரம்பிச்ச நேரத்துல கரையச் சுத்தம் பண்றோம்னு நாமளே சேந்து தண்ணி மேல சாஞ்சு நின்ன சீமைக்கருவேல மரத்த வெட்டினோம் இல்லீங்களா. அது வெளிநாட்டு மரம், தண்ணிய உறிஞ்சுது, எடுத்தே ஆகணும்னு நானே தான் பேசினேன். அதுல தூக்கணாங்குருவிக் கூடு தொங்குனது எல்லாத்துக்குமே தெரியும், கரையில இருந்து பாத்தா பழுப்பாக் காஞ்சு தெரிஞ்சதால போன வருஷத்துக் கூடுன்னு நெனச்சுட்டோம், தண்ணிப் பக்கம் யாருமே எட்டிப் பாக்கல. கொப்ப இழுத்து மேல போட்டா அந்தப் பக்கம் பூராப் பச்சக் கூடு. ரெண்டுல நீளமாக் கொழாய் எறங்கியிருந்துச்சு, மத்ததெல்லாம் ஹெல்மெட்டக் கவுத்த மாதிரி பாதியில நின்னது. ஆண் தூக்கணாங்குருவி பாதி கட்டிட்டு அதுல தொங்கிட்டு ரெக்கைய அடிச்சுக் கத்தும், பொட்டை வந்து பாத்து அதுக்குப் புடிச்சாத்தான் மீதியக் கட்டும். உள்ள ஒட்டி வெச்சிருந்த களிமண்ணத் தொட்டுப் பாத்தேன், இன்னும் ஈரம் காயல. ஒரு கூட்டுல மூணு முட்டை, வெள்ளையா, ரெண்டு ஒடஞ்சு போச்சு. அந்த ஆண் குருவி வாயில புல்லோட அரை மணி நேரம் அங்கியே சுத்துச்சுங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கல.

அதனால இனிமே எந்த மரமா இருந்தாலும் வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் நின்னு பாக்கணும், கூடு கட்டற காலத்துல அருவாளே எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். சீமைக்கருவேலம் போகத்தான் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா பக்கத்துலயே நாட்டுக் கருவேலத்தையும் நீர்மருதையும் வெச்சு அது வளந்து நின்னப்புறம் இத எடுக்கலாமே, குருவிக்கு மரத்தோட சொந்த ஊரு எதுன்னு தெரியாது, தண்ணி மேல தொங்கற கொப்பு இருந்தாப் போதும். சுத்தமா இருக்கற கரை வேற, உசுரு இருக்கற கரை வேறன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுதுங்க. 2017ல மாநகராட்சி இந்தக் குளத்தப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சதே பார்க் மாதிரி வழவழன்னு வெக்கறதுக்கு இல்லீங்களே.

நவம்பர் 12 பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி ஐயா பொறந்த நாளு, 1896ல பொறந்தவரு. அவரு பேருல 1990ல ஆரம்பிச்ச பறவை ஆராய்ச்சி மையம் நம்ம பக்கத்துலயே ஆனைகட்டியில இருக்குதுன்னு பல பேருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அப்புறம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, நாலு நாளும் போனோம். ஒரு எடத்துல கொறஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்தது கேட்டது எல்லாத்தையும் எண்ணி இ-பேர்ட்ங்கற பறவைக் கணக்கு வலைத்தளத்துல ஏத்தணும், காக்காய விட்ராதீங்கன்னு நூறு தடவ சொன்னாலும் நம்மாளுங்க கூழைக்கடாவத் தான் எண்ணுவாங்க.

ஒரு பொண்ணு பைனாக்குலர்ல நத்தைக்குத்தி நாரையப் பாத்துட்டு, "அங்கிள், அதோட அலகு நடுவுல ஒடஞ்சு போச்சா"ன்னு கேட்டா. குஞ்சா இருக்கறப்ப அந்த இடைவெளி இருக்காது கண்ணு, வளர வளரத்தான் வரும்னு சொன்னேன். அந்நேரத்துக்கு ஒண்ணு ஆகாயத்தாமரைக்குள்ள இருந்து நத்தைய எடுத்துச்சு, ஓட்ட ஒடைக்காம கீழ் அலகு நுனிய உள்ள விட்டு சதைய உருவி முழுங்கிட்டு ஓட்டத் தண்ணியில போட்டுச்சு. அந்தப் புள்ள இப்ப ஒரு வாரம் கூட விடாம வருது.

பாம்பு வகுப்புக்கு நல்ல கூட்டம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலு தான் நம்ம பக்கம் பெரும்பாலும் ஆளக் கொல்றது, சாரைப்பாம்பையும் தண்ணிப்பாம்பையும் கண்டா வழிய விட்ருங்க. கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட கைகால ஆட்டாம நேரா ஆஸ்பத்திரி.

வரவு செலவப் பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க. சந்தா பாக்கி இருக்கறவங்க தயவு செஞ்சு குடுத்துருங்க, குழந்தைங்களுக்கு இன்னும் ரெண்டு பைனாக்குலர் வேணும்.

வர்ற ஞாயிறு காலைல ஆறே காலுக்குக் கரையில நாட்டுக் கருவேல நாத்து நடறோம். மம்புட்டி இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, அருவா வேண்டாமுங்க.