பட்டியல் போடுமுன் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்

கணினியில் நுண்துளைப் பொருள்களைச் சலித்தெடுக்கும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்துத் தரும் ‘மாஃப்’களைக் குடுவையில் செய்து பார்க்கிறவன் நான். உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டும், துளைகளில் வாயுவைப் பிடித்துவைக்கும் இந்தச் சட்டகங்களுக்கு 2025இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது எனக்கும் தலைகால் புரியவில்லை. 2012இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 1,37,953 சட்டகங்களைக் கணினியிலேயே கட்டி, மீத்தேன் சேமிப்புக்குச் சலித்ததை வாய்பிளந்து படித்தவன்தான். அதனால் கணக்கே வேண்டாம் என்று சண்டைக்கு வரவில்லை.

போன வருடம், கார்பன் டை ஆக்சைடு பிடிக்க ஏற்றவை என்று ஒரு கட்டுரை போட்ட பட்டியலின் முதல் பத்தில் இருந்த துத்தநாகச் சட்டகத்தைச் செய்தோம். படிகம் அழகாக வந்தது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கணக்கு சொன்னதில் கால்வாசிகூட ஏறவில்லை. மூன்று மாதம் எங்கள் கையைத்தான் சந்தேகப்பட்டோம். அப்புறம், அணுக்களின் இடங்களை எக்ஸ் கதிரால் கண்டு எழுதிய கட்டமைப்புக் கோப்பைத் திறந்து அணு அணுவாக எண்ணினேன். எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது அல்லவா? துத்தநாகத்தோடு ஒட்டியிருந்த தண்ணீரின் இரண்டு ஹைட்ரஜனும் கோப்பில் இல்லை. மொட்டை ஆக்சிஜன் நிற்கிறது. மின்சுமையைக் கூட்டினால், +2 ஆக இருக்கவேண்டிய துத்தநாகம் +4! அப்படி ஒரு துத்தநாகத்தை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை.

இது எங்கள் துரதிர்ஷ்டம் மட்டுமல்ல. உலோகங்களின் ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது இந்த மின்சுமைக் கணக்கை, சரிபார்த்த 2025 ஆய்வு ஒன்று, ‘கணக்குக்குத் தயார்’ என்று வைத்திருக்கும் தரவுத்தளங்கள் பலவற்றில் 40 சதவீதத்துக்கு மேல் பிழை என்கிறது. உலை வைக்குமுன் அரிசியில் கல் பொறுக்க வேண்டாமா?

அடுத்தது ஈரம். நீங்கள் உலர்ந்த வாயுவை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்; ஆலைப் புகைபோக்கியில் வருவதோ ஈரப்புகை. உலர்ந்த வாயுவில் மெக்னீசியம் மாஃப்-74 என்ற சட்டகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஈரம் பட்டால் மெக்னீசியம் இடங்களைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே நிற்கிறது. கேல்ஃப்-20 என்ற இன்னொரு மாஃப் எந்தச் சாதனைப் பட்டியலிலும் முதலிடம் பிடிக்கிற ரகம் இல்லை. ஆனால் சுமார் 40 சதவீத ஈரப்பதம் வரை தண்ணீரை விட்டுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. சிமென்ட் ஆலைப் புகைக்குப் போனது அதுதான்.

தண்ணீரைச் சேர்த்தால் கணக்கு வாரக்கணக்கில் இழுக்கும், தெரியும். ஆயிரத்துக்கும் வேண்டாம், முதல் ஐம்பதுக்குப் போதும். கட்டுரையோடு ஹைட்ரஜன் சேர்த்த கோப்பையும் வையுங்கள்.

எங்களிடம் சிக்கிய அந்தத் துத்தநாகக் கோப்பைத் திருத்தி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
குடுவைப் பக்கத்து ஆள்