உயிரோடிருந்தே ஒரு நன்றி நவிலல்

எங்கள் ஊரில் 'நன்றி நவிலல்' என்று பேப்பரில் கண்டால், யார் செத்தது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தியேட்டி முடிந்த கையோடு, பந்தல் போட்டவர் முதல் மலர்வளையம் அனுப்பியவர் வரை எல்லோருக்கும் நன்றி சொல்வது அது. நான் உயிரோடு இருக்கிறேன். போனது வலது கண்ணின் கீழ்ப்பாதிப் பார்வை மட்டும். மிச்சத்தைக் காப்பாற்றித் தந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறகு நன்றி சொல்லட்டும் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு வந்தது இராட்சதக் கல நாடி அழற்சி. ஆங்கிலத்தில் ஜயன்ட் செல் ஆட்டரைட்டிஸ் என்பார்கள். பெயரைக் கேட்ட சொந்தக்காரர் பாதிப் பேர் அதை ஆத்ரைட்டிஸ் என்று விளங்கிக்கொண்டு, முடக்கொத்தான் ரசமும் முழங்காலுக்குப் பூச எண்ணெயும் கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. ரசம் நன்றாகவே இருந்தது. ஆனால் இது மூட்டு வருத்தம் இல்லை. நெற்றிப்பொட்டு, தாடை, கண் பக்கம் இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் சுவர் அழன்று தடித்து, உள்வழி ஒடுங்கிப்போகிற வருத்தம். ஐம்பது வயதுக்குக் கீழே வருவது மிக அரிது. எழுபதைத் தாண்டியவர்களுக்கே கூடுதலாக வரும், அதிலும் பெண்களுக்கு.

போன வருடம் ஆனி மாதம் தொடங்கியது. காலையில் எழும்பினால் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போயிருக்கும். கொடியில் உடுப்புப் போடக் கையைத் தூக்க ஏலாது. பத்து மணியளவில் தானாக இளகும். 72 வயதுக்கு இது பெரிய விசயமா என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நெற்றிப்பொட்டில் தலையிடி. அதற்குப் பனடோல். ஓரிடத்தில் பீனிசம் என்றார்கள், இன்னோரிடத்தில் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். புதுக் கண்ணாடியின் கம்பி காதுக்கு மேலே பட்டாலே உயிர் போனது. தலை இழுக்கச் சீப்பை வைத்தால் மயிர்க்கால் எல்லாம் நொந்தது. அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், அவர் சீயாக்காயை மாற்றச் சொன்னார். ஆடி பிறந்து நல்லூர்த் திருவிழாவும் தொடங்கியது. வீதியில் கச்சான் வாங்கிச் சப்பினால் நாலாவது கச்சானோடு தாடை சோர்ந்து வலித்தது. பல்தான் என்று முடிவுகட்டினேன்.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். "தரப்பட்டவை எல்லாவற்றையும் முதலில் எழுது, பிறகு கணக்கைச் செய்" என்று எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்! என் வருத்தத்தைச் சொல்லும்போது ஆளுக்கொரு துண்டாகத்தான் கொடுத்தேன். ஆகவே முதலில் பார்த்தவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. தலையிடியை மட்டும் சொன்னால் தலையிடிக்குத்தானே மருந்து தருவார்கள்?

முதல் நன்றி அந்தப் பல் வைத்தியருக்கு. என் மகளின் வயதுதான் இருக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடு பிள்ளை என்று போய் உட்கார்ந்தேன். தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிடுங்க மாட்டேன் என்றார்.

"சப்பத் தொடங்கினவுடனே நோகுதோ, கொஞ்சம் சப்பின பிறகோ?"

"கொஞ்சம் சப்பின பிறகு. நிப்பாட்டினால் விட்டிடும்."

"தலை இழுக்கேக்கை நோகுதோ?"

அந்தக் கேள்வியில் திகைத்துப்போனேன். பல் பார்க்கிறவருக்கு என் சீப்பைப் பற்றி எப்படித் தெரியும்? அதன் பிறகுதான் தோள், இடுப்பு, கண்ணாடிக் கம்பி, மாலைக் காய்ச்சல், மெலிந்துபோனது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து வந்து என் நெற்றிப்பொட்டைத் தடவினார். நாடி கயிறுபோலத் தடித்திருந்தது, துடிப்பைக் காணவில்லை. சும்மா இருக்கும்போது தாடைத் தசைக்கு வருகிற இரத்தம் போதும், சப்பும்போது போதாமல்தான் அது வலிக்கிறது, இதே அடைப்பு கண்ணுக்குப் போகிற நாடியிலும் வந்தால் பார்வை போய்விடும் என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதித் தந்தார். "அம்மா, இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ."

போகவில்லை. அடுத்த நாள் தேர். தீர்த்தமும் முடியட்டும் என்று கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேருக்குப் போனேன். சனத்துக்குள் நிற்கும்போது வலது கண்ணுக்கு முன்னால் கறுப்புச் சீலை ஒன்று இறங்கியது. ஐந்து நிமிடத்தில் விலகிவிட்டது. விரதமும் வெயிலும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அதுதான் கடைசி எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. மறுநாள் விடிய எழும்பினால் அந்தக் கண்ணின் கீழ்ப்பாதி இருட்டு. இந்த முறை விலகவில்லை.

அடுத்த நன்றி ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருக்கும் தம்பிக்கு. என்னிடம் படித்தவன், கணிதத்தில் ஒருநாளும் தேறாதவன். தீர்த்தத்துக்குப் போய்விட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். "டீச்சர், தீர்த்தம் அடுத்த வருசமும் வரும். ஏறுங்கோ" என்றான். கோயிலைச் சுற்றி வீதியெல்லாம் மறித்திருந்தது. எந்த எந்த ஒழுங்கையால் போனானோ, யாழ் போதனா வைத்தியசாலை வாசலில் கொண்டுபோய் இறக்கினான். காசு வாங்கவில்லை. கணக்கில் அவனுக்கு நான் போட்ட புள்ளிகளை இப்போது திருத்த வழியில்லை.

கண் வைத்தியர் உள்ளே பார்த்தார். பார்வை நரம்பின் முனை வெளிறி வீங்கியிருந்தது. இரத்தம் எடுத்தார்கள். ஈ.எஸ்.ஆர் என்று ஒரு சோதனை: குழாயில் விட்ட இரத்தத்தில் செங்கலங்கள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. எனக்கு 98. பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் பிரித்தால் வருவது மேல் எல்லை என்று பயிற்சி டொக்டர் பிள்ளை ஒருவர் சொல்லித் தந்தார். 72 உடன் 10, அதில் பாதி, 41. படுத்த படுக்கையிலும் கணக்குச் செய்ய வைத்த அந்தப் பிள்ளைக்குத் தனி நன்றி. 1890 இல் ஹட்சின்சன் என்ற லண்டன் வைத்தியர், நெற்றிப்பொட்டு நாடிகள் நொந்து தொப்பி போட முடியாமல் இருந்த ஒரு கிழவரைப் பற்றி எழுதி வைத்த கதையையும் சொன்னார். அவருக்குத் தொப்பி, எனக்குக் கண்ணாடிக் கம்பி.

வாட்டில் என்னைப் பொறுப்பெடுத்த வைத்திய நிபுணருக்கு நான் இரண்டு காரணங்களுக்காகக் கடன்பட்டிருக்கிறேன். ஒன்று, அவர் காத்திருக்கவில்லை. நாடியில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்து இந்த வருத்தத்தை உறுதி செய்வது வழக்கம். அந்த முடிவு வரும்வரை பொறுத்தால் மற்றக் கண்ணும் போய்விடும் என்று, அன்றைக்கே மெதைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து ஒரு கிராம் நாளத்தில் ஏற்றத் தொடங்கினார், மூன்று நாளைக்கு. விடையை முதலில் எழுதி நிறுவலைப் பிறகு செய்கிற மாணவனுக்கு நான் பூச்சியம்தான் போட்டிருப்பேன். இங்கே அதுதான் சரியான முறை. மருந்து தொடங்கிச் சில நாட்கள் போனாலும் நாடியில் அழற்சியின் அடையாளம் அழியாது என்றார். இரண்டாவது, அவர் பொய் சொல்லவில்லை. "அம்மா, போன பார்வை அநேகமாகத் திரும்பாது. இந்த மருந்து இடது கண்ணுக்கு." அன்றிரவு அழுதேன். ஆனால் வீண் நம்பிக்கையோடு மாதக்கணக்கில் ஒற்றைக் கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்க்கிற வேலை மிச்சம்.

நாலாம் நாள் காதுக்கு முன்னால் கொஞ்சம் மயிரை வழித்து, விறைக்கப்பண்ணி, நாடியில் துண்டு எடுத்தார்கள். இந்த அழற்சி இடைவிட்டு இடைவிட்டுத்தான் இருக்குமாம், அதனால் நீளமாகவே வெட்டினார்கள். அந்தத் துண்டில் இராட்சதக் கலங்களைக் கண்டுபிடித்தவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகனின் ஓ.எல் கணிதப் புள்ளிகளைப் பற்றியே கதைத்த தாதிக்கும் நன்றி. இத்தனைக்கும் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு சதம் கட்டவில்லை.

பிறகு வீடு. அதே இன ஸ்டீரொயிட்டான பிரட்னிசோலோன் 60 மில்லிகிராம், 5 மில்லிகிராம் குளிசையில் தினம் பன்னிரண்டு. தலையிடி இரண்டாம் நாளே போயிருந்தது, தோளும் இளகிவிட்டது. ஆனால் முகம் பூசணிக்காயானது, நித்திரை போனது, நடுச்சாமத்தில் பசித்தது, இல்லாத சீனி வருத்தம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு நான் அலுமாரி அடுக்கிய நாட்களைப் பொறுத்துக்கொண்ட மருமகளுக்கு என்ன சொல்வது? கிழமைக்கு ஒருநாள் எலும்புக்கான குளிசையை வெறுவயிற்றில் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் சாயாமல் இருக்க வேண்டும். மணிக்கூட்டோடு எதிரில் உட்கார்ந்து காவல் இருந்தவள் அவள்தான்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆலோசனைகள் வந்தன. ஸ்டீரொயிட் நஞ்சு, உடனே நிப்பாட்டுங்கோ என்பதே சாரம். ஒருநாள் நானும் தடுமாறினேன். அப்போது நோர்வேயில் தாதியாக இருக்கும் அண்ணையின் மகள் எடுத்தாள். "மாமி, இஞ்சத்தை வெள்ளைக்காரருக்கு இது கன பேருக்கு வரும். திடீரெண்டு நிப்பாட்டினால் கண்ணும் போகும், ஆளும் விழுவியள். டொக்டர் குறைக்கச் சொல்லுற மட்டும் குறையுங்கோ" என்று அதட்டினாள். வடக்கு ஐரோப்பியருக்குத்தான் இது கூடுதலாம். எங்கள் ஆட்களுக்கு அரிதானதால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்து ஒரு பல் வைத்தியருக்கு வந்தது என் அதிர்ஷ்டம்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாள் குளிசைக் கணக்கையும் எழுதி வருகிறேன். இன்றைக்கு ஒன்றரைக் குளிசை, ஈ.எஸ்.ஆர் 22. இன்னும் ஒரு வருடம் செல்லலாம் என்கிறார்கள். இடது கண்ணால் இந்த மடலை நானே எழுதுகிறேன். படி இறங்கும்போது மட்டும் யாராவது கையைத் தரவேண்டும், அந்தக் கைகளுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம், நேரில் வந்தால் பிளேன்டீயும் திட்டும் உண்டு.

இந்த வருடம் தேருக்குப் போனேன். ஓட்டோத் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான். ஒரு சரை கச்சான் வாங்கி, பிடுங்காமல் விட்ட அந்தக் கடைவாய்ப் பல்லாலேயே சப்பி முடித்தேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உரும்பிராய்.